மீசை போச்சு, பூசணம் போகவில்லை

ஏழாவது முறையாகவும் தட்டில் பூசணம் பூத்திருந்தது.

செங்கல்பட்டுக் கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் தாமோதரன் தலையில் கை வைத்துக்கொண்டார். மாமல்லபுரத்து மணலில் பறித்துவந்த நித்தியகல்யாணி இலையைத் துண்டாக்கி, கண்ணாடித் தட்டில் சத்துக்கூழின் மேல் வைத்து, வாடாமல் வளர்த்துக் காட்ட வேண்டும். காட்டினால் மதராஸ் பேராசிரியர் தர்மராஜ் அவரை டாக்டர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்வார். முப்பத்தொன்பது வயது, இதைவிட்டால் வேறு வழியில்லை.

"நீ இலையைச் சரியாக் கழுவல," என்று ஆய்வக உதவியாளர் பாப்பாம்மாள் மேல் பாய்ந்தார்.

"மூணு தபா ஸ்பிரிட்ல கழுவிகினுதான் கீறேன் சார்."

அப்படியானால் காற்றுதான் குற்றவாளி. ஜன்னல்களை அடைத்துச் செய்தித்தாள் ஒட்டினார். மின்விசிறியையும் நிறுத்தினார். வியர்வை தட்டுக்குள் சொட்டியது. பூசணம் இப்போது பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறத்தில் பூத்தது.

பேசினால் எச்சில் தெறிக்கிறது என்று மௌனவிரதம் பூண்டார். பாப்பாம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் வாயையும் சைகையாலேயே அடைத்தார். எட்டிப்பார்த்த பிரின்ஸ்பாலுக்கும் அதே சைகை. சாயங்காலம் மெமோ வந்தது.

கடைசியில் சந்தேகம் சொந்த மீசை மேலேயே விழுந்தது. இருபது வருஷ மீசை. மழித்துவிட்டு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மனைவி சகுந்தலா, "அவரு இன்னும் காலேஜ்லேந்து வரல. நீங்க யாரு?" என்றாள்.

மீசை போன பத்தாம் நாள் பேராசிரியர் வந்தார். அன்று இருந்த இருபது தட்டில் பத்தொன்பது பூத்துவிட்டன. அவற்றைத் தாமோதரன் கழுவும் தொட்டிக்கு அடியில் தள்ளி ஒளித்தார். ஆனால் ஒன்று மட்டும் பளிச்சென்று, பச்சைப்பசேலென்று இருந்தது. தாமோதரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பேராசிரியர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூடியில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். "பத்து நாளாகியும் நிறம் மாறலையே! எப்படிய்யா?"

"சுத்தம் சார். என்னையே மாத்திக்கிட்டேன்." வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். "மூடியை மட்டும் திறந்துடாதீங்க."

பேராசிரியர் பாப்பாம்மாள் பக்கம் திரும்பினார். "நீயும் கூடவே இருந்தியாம்மா? இலையை எப்படிக் கழுவினீங்க?"

"அய்ய, பூசணம் எலைக்குள்ளயே குடியிருக்கசொல்ல கழுவி இன்னா சார் பிரயோசனம்? சாரு படற பேஜாரு தாங்காம, பிரின்ஸ்பாலு ரூம்ல கீற பிளாஸ்டிக் செடிலேந்து ஒரு துண்டு வெட்டி வெச்சேன்."