இங்கு வண்டியும் நலம்

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கு நான் நலம், உங்கள் அத்தை நலம், வண்டியும் நலம். அங்கு நீங்களும் என் மகளும், ஒரு பல்கூட முளைக்காத வாயை வைத்துக்கொண்டு வீட்டையே ஆட்டி வைப்பதாகக் கேள்விப்படும் என் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வண்டியின் நலத்தைத் தனியாக எழுதியதற்குக் காரணம் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை போனில், "ஸ்டேஷனுக்கு நீங்க வண்டி எடுத்துட்டு வர வேணாம் மாமா, நாங்க டாக்ஸியில வந்துடறோம், குழந்தை இருக்குல்ல" என்று சொன்னீர்கள். நானும் சரி மாப்பிள்ளை என்றேன். அது வாய் சொன்ன சரி. மனசு இன்னும் சொல்லவில்லை. இதைப் போனிலேயே பேசியிருக்கலாம்தான், ஆனால் நான் போனில் பேசும்போது உங்கள் அத்தை பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துகிறாள். கடிதம் என்றால் அவளுக்கு மூக்குக் கண்ணாடி தேட வேண்டும், அதற்குள் நான் எழுதி முடித்துவிடுவேன்.

என் மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போன காலத்திலிருந்து அவள் வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் நிற்பது நானும் இந்த வண்டியும்தான். ரயில் தாமதமானபோதும் நின்றிருக்கிறோம், கொட்டுகிற மழையிலும் நின்றிருக்கிறோம், ஒரு தடவை அவள் சொன்ன தேதியை நான் குழப்பிக்கொண்டு முதல் நாளே போய் நின்றுவிட்டும் வந்திருக்கிறோம். இப்போது பேத்தி முதல் தடவையாக நம் வீட்டுக்கு வருகிறாள். அவள் யாரோ ஒருவர் வண்டியில் வந்து வாசலில் இறங்குவதும், நான் பனியனோடு கதவைத் திறந்து வாங்க வாங்க என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஆகவே வண்டியைப் பற்றி உங்களிடம் யாரோ சொன்னதை (யார் என்று எனக்குத் தெரியும், இப்போது சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள்) அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உள்ளதை உள்ளபடி நான் எழுதுவதைப் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை என்பது வடிகட்டிய பொய். ஆகும். ஏசி, ரேடியோ, விளக்கு எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, சாவியைப் பாதி திருப்பி, உள்ளே ஏதோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும், அது அடங்கும்வரை பொறுத்திருந்து, கிளட்சை அடிவரை மிதித்துத் திருப்பினால் ஆகும். அவசரப்பட்டால் ஆகாது, அவசரப்பட்டால் எந்த வேலைதான் ஆகிறது. பின்பக்கத்து இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் குழந்தை உள்ள வீட்டில் அது பாதுகாப்பு, புது வண்டிகளில் இதற்கென்றே ஒரு பூட்டு வைத்து விற்கிறார்கள், நமக்கு அது தானாகவே அமைந்துவிட்டது. டிக்கி சாவிக்குத் திறக்காது, நம்பர் பலகைக்கு மேலே உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் திறக்கும். என் பக்கத்துக் கண்ணாடி நன்றாக இறங்கும், ஏறும்போது மட்டும் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிவிட வேண்டும், அதற்கு நான் வண்டியை ஓரமாக நிறுத்திக்கொள்வேன். ஏசி இடது பக்கம் மட்டும் குளிரும், வலது பக்கம் காற்று மட்டும் வரும். அதனால் உங்கள் அத்தை போர்வையோடு வருவாள், நான் துண்டோடு வருவேன். குழந்தையை நடுவில் வைத்தால் அதற்குப் பதமாக இருக்கும்.

சத்தம் வருகிறது என்றும் உங்களிடம் சொல்லப்பட்டிருக்கும். வருகிறதுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு முழுக்கக் காதை வைத்துப் பிழைத்தவன் நான், வண்டியில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இடது பக்கம் திரும்பும்போது 'கிடுக்' என்று ஒன்று, பிரேக் போட்டால் மாடிப்படியில் யாரோ இறங்குவதுபோல ஒன்று. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கழுத்துப் பட்டை கட்டிய ஒரு தம்பி கூடவே ஏறி உட்கார்ந்து வந்தார். இடது பக்கமாகவே நாலு தெரு சுற்றினோம். ஒரு சத்தம் வரவேண்டுமே! ஆய்வாளர் வந்த வகுப்பறை மாதிரி வாயை மூடிக்கொண்டு ஓடியது. நானே வாயால் 'கிடுக் கிடுக்' என்று சொல்லிக் காட்டினேன், அவர் மிகவும் மரியாதையாக, வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா சார் என்று விசாரித்தார். கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். சர்வீஸ் சென்டர் வாசலைத் தாண்டியதும் 'கிடுக்'. எனக்கு உள்ளபடியே சந்தோஷமாகிவிட்டது, பொய்யன் பட்டத்திலிருந்து தப்பித்தேன் பாருங்கள்.

அடுத்து அந்த மஞ்சள் விளக்கு. வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே இன்ஜின் படம் போட்டு ஒன்று எரியும். சர்வீஸ் சென்டரில் அணைப்பார்கள், வீட்டுக்கு வருவதற்குள் ஏற்றிக்கொள்ளும். நம் தெருமுனை மெக்கானிக்கைக் கேட்டேன். யார் என்ன கோளாறு சொன்னாலும் "பழகிக்கோங்க" என்பார், அதனால் தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். இதற்கும் அதையேதான் சொன்னார். ஆனால் ஓட்டும்போது கண்ணுக்கு நேரே ஒன்று எரிந்துகொண்டே இருந்தால் மனுஷன் எப்படிப் பழகுவது. உங்கள் அத்தை தலைவலிக்கு நெற்றியில் போடும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டிவிட்டேன். அன்றிலிருந்து வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசியாக வேகத்தடை விஷயம். இதுதான் உங்கள் காதுக்கு முதலில் வந்திருக்கும். நம் வண்டி நீளமும் தாழ்வுமான வண்டி, நம் தெருவில் போட்டிருக்கும் வேகத்தடையோ குட்டிச்சுவர். இரண்டு பேராக ஏறினால் வண்டிக்கு வயிறு தட்டும். ஆகவே அந்த இடம் வந்ததும் உங்கள் அத்தை இறங்கி, நடந்து தாண்டி, அந்தப் பக்கம் மறுபடி ஏறிக்கொள்வாள். ஒரு நிமிஷ வேலை. முன்பெல்லாம் சும்மா செய்துகொண்டிருந்தாள், இப்போது கொஞ்ச நாளாக, "நான் உங்ககூட கார்ல வரேனா, காருக்குத் துணையா நடந்து வரேனா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்கிறாள்.

இவ்வளவும் வாய்ப்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள், நான் ஒத்திகையே பார்த்துவிட்டேன். பேத்தியின் எடையை என் மகளிடம் நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே எடைக்கு ஒரு கோதுமை மாவுப் பை வாங்கி, பின் சீட்டில் நடுவில் வைத்துப் பெல்ட் போட்டு, பக்கத்தில் உங்கள் அத்தையை உட்கார வைத்து, ஸ்டேஷன்வரை போய் வந்தேன். முதலில் முணுமுணுத்தவள், வெயில் படுகிறது என்று மாவுப் பைக்குத் துண்டு போர்த்தினாள். வேகத்தடையில் இறங்கச் சொன்னால் பையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் இறங்கினாள். எதிர்வீட்டு வாத்தியார் பார்த்துவிட்டு மெல்ல வீட்டுக்குள் போய்விட்டார், அதுதான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். ஸ்டேஷன் சிக்னலில் போக்குவரத்துப் போலீஸ்காரர் குனிந்து பார்த்து, "குழந்தை தூங்குதா, மெதுவாப் போங்க" என்று குரலைத் தணித்துச் சொல்லிவிட்டு, எங்களுக்காக மற்ற வண்டிகளை நிறுத்தினார். உங்கள் அத்தை அது மாவு என்று சொல்லுவாள் என்று பார்த்தேன். "பேத்திங்க" என்றாள். வீடு வரும்வரை நான் வேகத்தை இருபதுக்கு மேல் ஏற்றவில்லை. வரும் வழியில் முன்பக்கத்திலிருந்து லேசாக ஒரு சூட்டு வாடை வந்தது, வெயில் காலத்தில் எதுதான் சூடாகவில்லை. பின் சீட்டில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம், பையில் சின்ன ஓட்டை இருந்திருக்கிறது.

ஆக மாப்பிள்ளை, வண்டியின் மேல் ஒரு பழியும் இல்லை என்பது இதிலிருந்து உங்களுக்கே விளங்கியிருக்கும். டாக்ஸிக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டிகளை டிக்கியில் வைக்க நான் பார்த்துக்கொள்கிறேன், எங்கே தட்டுவது என்று எனக்குத்தான் தெரியும். என் மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனத்தோடும் இருக்க வேண்டும்.

உங்கள் வரவை எண்ணி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்கு வண்டியிலேயே கிளம்பினோம். வேகத்தடையில் உங்கள் அத்தை வழக்கம்போல இறங்கினாள். வண்டி ஏறி இறங்கியது, போனட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது, அப்படியே நின்றுவிட்டது. உங்கள் அத்தை, "இறங்கினது இறங்கினதாவே இருக்கட்டும்" என்று வீட்டுக்கு நடந்தாள். டாக்டர் வந்து பார்த்து, அந்தப் பிளாஸ்திரியை உரித்தார். அடியில் இரண்டு விளக்குகள். மஞ்சளுக்குப் பக்கத்தில், இன்ஜின் கொதிக்கிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு. துண்டை நான் கொஞ்சம் தாராளமாக வெட்டியிருக்கிறேன். எத்தனை நாளாக எரிந்ததோ தெரியாது. "தலைவலி வண்டிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். முதல் தடவையாக, பழகிக்கோங்க என்று சொல்லவில்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமாம்.

இதை அவர் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆவி கிளம்பியபோது நான் முதலில் திரும்பிப் பார்த்தது பின் சீட்டைத்தான். அங்கே மாவுப் பைகூட இல்லை, வெறும் சீட்டு. அப்படியும் இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தேன் மாப்பிள்ளை. நீங்கள் சொன்னதுதான் சரி, டாக்ஸியிலேயே வாருங்கள். நான் பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒரு இடம் காலியாகத்தானே இருக்கும்? வேகத்தடை வந்தால் நான் இறங்கி நடந்துகொள்கிறேன்.