நானூற்றுப் பதினேழின் இரண்டு டெண்டர்கள்

ஆறாவது பெயின்ட் பூச்சைச் சுரண்டியதும் நான்கு தெரிந்தது. மல்லாந்து படுத்திருந்த ஃபிட்டர் எச்சில் தொட்டுத் துடைத்தார். ஒன்று. இன்னும் கொஞ்சம் சுரண்ட, ஏழு.

"மாப்ள, இதேதான்."

டார்ச் பிடித்திருந்த வெல்டர், அவர் மனைவியின் தம்பி, முதலில் வெளியே வரச் சொன்னான். எறும்பு ஏறுகிறதாம்.

அருங்காட்சியகத்தில் நின்ற 417ஆம் எண் நீராவி எஞ்சினுக்கு டெண்டர் கிடையாது. எஞ்சினுக்குப் பின்னால் கரியையும் தண்ணீரையும் சுமந்து வரும் வண்டி அது. நான்கு வருடமாக யார்டு யார்டாக ஃபிட்டர் தேடிய வண்டி, அருங்காட்சியக அலுவலகத்தின் கொல்லையிலேயே, சக்கரங்களைச் செடிகளுக்குள் மறைத்துக்கொண்டு, கைகழுவும் தண்ணீர்த் தொட்டியாக உத்தியோகம் பார்த்துவந்தது. பதினோரு நாளில் ஆய்வுக்குழு வருகிறது. முழுமையற்ற எஞ்சின்களை உடைத்து இரும்பாக விற்றுவிடும்படி சுற்றறிக்கை.

சேதி கேட்ட அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் பேரேட்டைத் திறந்தார். '417: எஞ்சின் ஒன்று, டெண்டர் ஒன்று, இணைக்கப்பட்ட நிலையில்.'

"காணாமப் போகாததை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

ஃபிட்டர் அவரைக் கையோடு அழைத்துப்போய், எஞ்சினுக்குப் பின்னால் வெறுமனே கிடந்த தண்டவாளத்தைக் காட்டினார். அவர் அதைப் பார்த்தார். பிறகு பேரேட்டைப் பார்த்தார்.

"இதுல மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அங்க யாரு போட்டிருக்கா?"

ஓர் எஞ்சினுக்கு ஒரு டெண்டருக்குத்தான் அனுமதி. ஆகவே இருக்கிற டெண்டரை முறைப்படி கழற்றிய பிறகே இன்னொன்றை மாட்ட முடியும். ஃபிட்டர் எஞ்சினை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கழற்றுவதாக ஒப்புக்கொண்டார்.

மறுநாள் சாட்சிகள் முன்னிலையில் இணைப்பு ஊசியைச் சுத்தியலால் தட்டி எடுத்தார். கண்காணிப்பாளர் இரண்டடி பின்வாங்கி, எல்லோரும் காலைப் பார்த்துக்கொள்ளும்படி எச்சரித்தார். கழற்றப்பட்டதை மழையில் விட முடியாதல்லவா? சைக்கிள் ஷெட் காலி செய்யப்பட்டது. சைக்கிள்கள் மழையில் நின்றன. ஷெட்டுக்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரு காவலாளி. பெற்றுக்கொண்டதாகக் காவலாளியும் கையெழுத்திட்டார்.

மாமனும் மாப்பிள்ளையும் ஒன்பது நாள் தூங்கவில்லை. சேற்றை வாரி, மக்கிய தகடுகளை வெட்டி, புதுத்தகடு பற்றவைத்து, அச்சுக்கு எண்ணெய் விட்டு, நிஜ டெண்டரைத் தள்ளிவந்து மாட்டினார்கள். கொக்கி விழுந்த சத்தத்தைக் கேட்டு ஃபிட்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அலுவலகத்தார் சாப்பிட்ட கையோடு தண்ணீர் தேடி அலைந்தார்கள்.

ஆய்வுக்குழு வந்தது. எஞ்சினைச் சுற்றி வந்தது. பிறகு, பேரேட்டில் உள்ளபடி, ஷெட்டைத் திறக்கச் சொன்னது. குழுத்தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே வெகுநேரம் நின்றார்.

"துரு இல்ல. ஒழுகல் இல்ல. ஒரு கீறல்கூட இல்ல. யாரு பராமரிக்கிறது?"

காவலாளி கூச்சத்துடன் கையைத் தூக்கினார்.

"அங்க மாட்டியிருக்கிறது ரெண்டு இடத்துல ஒழுகுது. நல்லதைப் பூட்டி வெச்சுட்டு ஓட்டையை ஏன்யா மாட்டுனீங்க?"

உள்ளே ஒன்றுமில்லை என்று வெல்டர் சொல்ல வாயெடுத்தான். ஃபிட்டர் அவன் காலை மிதித்தார். ஒன்றுமில்லை என்றால் கழற்றியது பொய். கழற்றியது பொய்யென்றால் மாட்டியது செல்லாது. அப்புறம் 417 முழுமையற்ற எஞ்சின்.

உத்தரவு அன்றைக்கே வந்தது. 417 உடைப்பிலிருந்து விலக்கப்படுகிறது. ஒழுகும் டெண்டர் பழைய பணிக்குத் திரும்பும். பழுதற்றது எஞ்சினுடன் இணைக்கப்படும்.

ஃபிட்டர் ஒன்றைக் கழற்றினார், மற்றதை மாட்டினார். காவலாளிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. சைக்கிள்கள் ஷெட்டுக்குத் திரும்பின. கொல்லைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பியது.

மதியம் ஃபிட்டர் சாப்பாட்டுக் கையோடு எழுந்தார். எஞ்சினுக்குப் பின்னால் வெறுமனே கிடந்த தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டினால் தொட்டி நாலே எட்டு. அவர் எச்சில் கையை விலக்கிப் பிடித்தபடி, இருபதடி சுற்றிப் போய்க் கை கழுவினார்.