டேபிள் ஃபேன் நான்தான், அத்தை

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள், நிமிர்ந்து உட்கார்ந்து எழுதும் கடிதம். இங்கே அப்பா, அம்மா, நான், கடைக் கண்ணாடியில் இருக்கும் டேபிள் ஃபேன் எல்லோரும் நலம். உங்கள் கோபமும் ஓரளவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் தலையாட்டுவேன், விஷயம் அதோடு முடிந்துவிடும். அதனால்தான் கடிதம். இதில் மன்னிப்பு இருக்கும் என்று தேடாதீர்கள், இல்லை.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அந்த பிரிண்டிங் கடையில் லேமினேஷன் போடுவதும் ஓரம் வெட்டுவதும்தான் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். டிசைனர் அக்கா சாப்பிடப் போகும் நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நான் படம் வரைவது உங்களுக்குத் தெரியாது. போன மாதம் முதலாளி, கடையில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன்னை ஒரு படமாக வரைய வேண்டும், முகம் கூடாது, ஒரு பொருளோ மிருகமோ போதும், அதைக் கண்ணாடியில் ஒட்டினால் ஆர்டர் வரும் என்றார். அக்கா தன்னைக் கத்தரிக்கோலாக வரைந்தார். முதலாளி தன்னைச் சிங்கமாக வரைந்துகொண்டார், பார்த்தவர்கள் எல்லாம் பூனை நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் டேபிள் ஃபேனாக வரைந்தேன். முகத்துக்கு முன்னால் கம்பிக் கூண்டு, மூலையில் இடம், பின்னால் இருக்கும் குமிழை யாராவது அமுக்கிவிட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டல். வீட்டில் வாயில்லாப்பூச்சி என்று பெயர் வாங்கியவளுக்கு வேறு எது பொருந்தும்? தலையில் ஒரு சிவப்பு கிளிப்பும் வைத்தேன், நீங்கள் ஜோடியாக வாங்கி, ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றை எனக்குக் கொடுத்தீர்களே, அதுதான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நீங்கள் கடை வழியாகப் போனவர், கண்ணாடியைப் பார்த்துவிட்டு நேராக அப்பாவிடம் வந்து, "உன் மக என்னை டேபிள் ஃபேனாக்கித் தெருவுல நிறுத்திட்டாடா" என்றீர்கள். உங்களைக் கண்டாலே எழுந்து நிற்கிற அப்பா, என்ன நேரமோ, "எந்த ஸ்பீடுலக்கா?" என்று கேட்டுவிட்டார். அம்மா அடுக்களைக்குள் போய்ச் சிரித்தது உங்களுக்குக் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் அப்பாவையும் இழுத்துக்கொண்டு கடைக்கே வந்தீர்கள். "சிவப்பு கிளிப் என்னுது, தலையாட்டுறதும் என் பழக்கம், அப்போ அது நான்தான்" என்று நீங்கள் நிரூபிக்க நிரூபிக்க, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அப்படியே தோன்ற ஆரம்பித்தது. "இதையெல்லாம் என்னால ஒத்துக்கவே முடியாது" என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தடவை தலையைத் திருப்பினீர்கள் பாருங்கள், விசிட்டிங் கார்டுக்கு நின்ற ஒருத்தர் காலர் பட்டனைக் கழற்றிவிட்டு, காற்று வாங்குகிறவர்போலக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றார். முதலாளிக்கு எதற்கு வம்பு? ஸ்டிக்கரை உரிக்கக் கையை நீட்டி, ஒரு மூலையைக் கிளப்பியும் விட்டார்.

"அதைத் தொடாதீங்க. அது நான்."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். முதலாளி அப்பாவைப் பார்த்து, "இந்தப் பொண்ணு பேசுமா?" என்றார். ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. "மூலையில நிக்கிற ஃபேன் அது. எங்க அத்தை என்னைக்காவது மூலையில நின்னு யாராவது பாத்திருக்கீங்களா? அவங்க போனா நடுக்கூடத்துலதான் நாற்காலி போடணும்" என்றேன். கடையே உங்களைப் பார்த்தது. நீங்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் வாஸ்தவந்தான்" என்றீர்கள். முதலாளி கிளப்பிய மூலையைக் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். அத்தை, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது நிலவரம் சொல்கிறேன். மருந்துக்கடைக்காரர் தன்னைப் பூட்டாக வரையச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பஸ் டிரைவர் ஒருவருக்குத் தான் ஹாரனாக வேண்டுமாம். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் "அந்த ஃபேன் பொண்ணு எங்கே?" என்கிறார்கள். லேமினேஷன் மெஷினுக்கு வேறு ஆள் வந்தாச்சு, அக்கா பக்கத்திலேயே எனக்கு ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். அப்பா வேலைக்குச் சுற்றுவழியில், கடை இருக்கும் தெரு வழியாகத்தான் போகிறார்.

பெரியவங்க முன்னால குரல் உயர்த்திட்டேன்னு நீங்க வீட்டுக்கு வராம இருக்கீங்க. வாங்க அத்தை. கிளிப்பையும் கழற்றிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க, அதையும் போட்டுட்டு வாங்க. நடுக்கூடத்தில் நாற்காலி போட்டாயிற்று.

மாமாவுக்கு என் வணக்கம். உங்களுக்கு என் வணக்கமும், குறையாத காற்றும்.

இப்படிக்கு,
குமிழை இனித் தன் கையாலேயே அமுக்கிக்கொள்ளும்
உங்கள் தம்பி மகள்

பி.கு.: கம்ப்யூட்டரில் வரையும்போது கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல லேயர் லேயராக வரைவோம். மேல் லேயரில் இருப்பது ஃபேன். அதற்கு அடியில், மறைத்து வைத்த லேயரில் இருப்பது உங்கள் போட்டோ. தலை எப்படிச் சாய வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை, அதனால் உங்கள்மேல்தான் கோடு இழுத்தேன். பிறகு என் போட்டோவை வைத்துப் பார்த்தால் ஒரு கோட்டைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இதைப் படித்துவிட்டு இப்போது தலையாட்டுகிறீர்கள், இல்லையா? அப்படியே இருங்கள். அந்தச் சாய்வுதான்.