யூரியாவுக்கு முதல் ரேங்க்

உலகில் குளங்கள் எத்தனையோ உண்டு. பரீட்சை எழுதித் தேறிய குளம் ஒன்றே ஒன்றுதான். அது 2004-ஆம் ஆண்டு, புனே வானவடியில், எங்கள் 'எவர்கிரீன் ஹார்மனி' அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தது. நான் அந்தக் குடியிருப்பின் செயலாளர். இந்தப் பெருமையை யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் எழுதக் காணோம். அதனால் நானே எழுதுகிறேன்.

அந்த வருடம் 'பசுமைக் குடியிருப்பு'ப் போட்டி அறிவித்தார்கள். எங்களிடம் மரம் கிடையாது. கார் நிறுத்துவதற்காக எல்லாவற்றையும் வெட்டிவிட்டோம். மிச்சம் இருந்தது குளம். சேர்மன் சந்தானம் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். அவர் தோட்டக்காரர் தங்கராஜைக் கூப்பிட்டு, ஒரு மூட்டை யூரியாவைக் குளத்தில் கொட்டச் சொன்னார். பத்தே நாளில் தண்ணீர் பச்சைப் பெயின்ட் மாதிரி ஆகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, பசுமை என்றால் அதுதான் பசுமை! கமிட்டியே கைதட்டியது.

ஆராய்ச்சிக்கூடத்தில் பாசிகளைப் பற்றிப் படிக்கும் பார்கவி மட்டும் மூன்றாம் மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

"சார், இது விஷப்பாசி. நைட்ரஜன் எந்த உருவத்துல உள்ள போகுதோ, அதப் பொறுத்துப் பாசியும் வளரும், விஷமும் கூடும். யூரியாவ நிறுத்துங்க."

"ஆதாரம் வேணுமுங்க," என்றார் சேர்மன்.

அவள் குளத்துத் தண்ணீரை மூன்று தொட்டிகளில் எடுத்தாள். ஒன்றில் நைட்ரேட், ஒன்றில் அமோனியா, ஒன்றில் யூரியா கலந்து, பதினைந்து நாள் கழித்து அறிக்கை கொடுத்தாள். ஒரு லிட்டரில் விஷம் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு அது. நைட்ரேட் 9, அமோனியா 14, யூரியா 38. குடிநீரில் அனுமதிக்கப்பட்ட அளவு 1.

எங்கள் கமிட்டியில் அத்தனை பேரும் பிளஸ் டூவில் ரேங்க் வாங்கியவர்கள். எண்களைப் பார்த்தால் போதும், தலைப்பைப் படிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

"பாஸ் மார்க் ஒண்ணேதானுங்களா?" சேர்மன் அறிக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "நம்ம யூரியா முப்பத்தெட்டு எடுத்திருக்குதுங்க!"

"ஐயோ, அது விஷம் சார்!"

"இருக்கட்டும்மா. அதுலயும் ஃபர்ஸ்ட்டு வந்திருக்குதல்ல!"

இன்னொரு மூட்டை யூரியா வாங்க ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

இதற்குள் தங்கராஜ் படுத்த படுக்கையாகிவிட்டார். அவரும் மனைவி ஆரோக்கியமேரியும் கேட்டை ஒட்டிய அறையில் இருந்தார்கள். 'சேவைப் பணியாளர்'களுக்கு எங்கள் குழாயில் தண்ணீர் கிடையாது என்பது விதி. அவர்களுடைய குழாய் குளத்திலிருந்து வந்தது. மனிதருக்குக் கண்ணெல்லாம் மஞ்சள், ஓயாத வாந்தி. மூன்று வாரம் அப்படியே கிடந்தார். கமிட்டி அதை 'தனிப்பட்ட விவகாரம்' என்று கண்ணியத்தோடு ஒதுக்கி வைத்தது.

பிறகு எங்கள் கமிட்டி ரீனா மேடத்தின் லாப்ரடார் நாய் குளத்தில் வாய் வைத்து, ஒரே ஒரு முறை வாந்தி எடுத்தது. அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம்!

ஆரோக்கியமேரி கூட்ட அறை வாசலில் வந்து நின்றாள்.

"சாயேப், துணியில வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிச்சோம். அப்பவும் எனக்கு வயித்துவலி, அவருக்கு இந்தக் கதி. உங்க குழாயில தினம் ஒரு ஹண்டா தண்ணி குடுங்க, பஸ். அவரு பொழச்சாப் போதும்." ஹண்டா என்றால் குடம், பஸ் என்றால் 'அவ்வளவுதான்'; அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது," என்றாள் பார்கவி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சேர்மன் அஜெண்டாவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "உங்க விஷயம் இதுல இல்லீங்களேம்மா. இன்னிக்கு நாய் மட்டுந்தானுங்க."

நாய் விஷயத்தில் நாங்கள் தாமதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் வருவதால் குளத்தின் நிறத்தில் கைவைக்க முடியாது. ஆகவே கரையில் ஆறு பெரிய ஸ்டீல் கிண்ணங்கள் வைத்து, நாய்களுக்காக ஃபில்டர் தண்ணீர் ஊற்ற முடிவாயிற்று. நானும் கை தூக்கினேன்.

மறுநாள் காலை ஆரோக்கியமேரி ஆறு கிண்ணங்களையும் தன் குடத்தில் கவிழ்த்துக்கொண்டு புருஷனிடம் ஓடினாள். வாட்ச்மேன் பார்த்துவிட்டார். நாய்களின் குடிநீரைத் திருடிய குற்றத்துக்காக, அறையைக் காலி செய்யும்படி அன்றைக்கே அவளுக்கு நோட்டீஸ் போயிற்று. எழுதியவன் அடியேன்தான். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.