நூறு எம்.பி. புறம்போக்கு

கீரனூர் அடைக்கலம் ஒரு முடிவெடுத்துவிட்டால் அதைத் தடுக்கக் கலெக்டராலும் முடியாது. அன்று காலை பதினொரு மணிக்கு அவர் எடுத்த முடிவு இது: தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் நிலச் சீர்திருத்தம் செய்வது.

காரணம் இல்லாமலா? அவருடைய நாற்பதாண்டுப் போராட்ட வரலாறு புத்தகமாகப் போகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குள் மெயிலில் வந்து சேராவிட்டால் வெளியீட்டு விழாவுக்குப் புத்தகம் கிடைக்காது என்று புதுக்கோட்டை அச்சகத்து இன்னாசி கறாராகச் சொல்லிவிட்டார். கடைசி அத்தியாயத்தில் புகைப்படங்களைச் சேர்க்கப் போனால், இடமில்லை என்றது கம்ப்யூட்டர். எப்படி இருக்கும்? டிஸ்கில் முக்கால் பாகம் மனைவி திலகவதியின் பெயரில்! ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாளாம். நில உச்சவரம்பு கேட்டு அடி வாங்கியவன் வீட்டுக்குள்ளேயே ஒரு சமஸ்தானம்!

திலகவதி தங்கை வீட்டுக்கு மணமேல்குடி போயிருந்தாள். "பார்ட்டிஷனைத் தொட்டுறாதீங்க. நான் வந்து பிரிச்சுத் தாரேன்" என்று போனில் சொன்னாள். அவருக்கு அது ஒன்றே போதும். உரிமையைப் பிச்சையாகவா வாங்குவது?

இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினார். டிஸ்க், வயல் வரைபடம் போலக் கட்டம் கட்டமாக விரிந்தது. திலகவதியின் பெரும்பண்ணை. பக்கத்தில் இவருடைய குடிசை. வரப்போரமாகப் பெயரே இல்லாத ஒரு துண்டு, வெறும் நூறு எம்.பி. யார் பேரிலும் பட்டா இல்லை. யாரும் எதையும் விதைத்ததாகவும் தெரியவில்லை. முதலில் இந்தப் புறம்போக்கை மீட்போம், பண்ணையை அப்புறம் பார்ப்போம் என்று தீர்மானித்தார். அளவா முக்கியம்? கொள்கை! நிச்சயமாக அழிக்கலாமா என்று மென்பொருள் இரண்டு தடவை கேட்டது. போலீஸ்காரர்களும் அவரை அப்படித்தான் மிரட்டுவார்கள். இரண்டு தடவையும் ஆம் என்றார்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கறுப்புத் திரை. அதில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி. வயரை உருவி மாட்டினார். பெட்டியைத் தட்டினார். "மக்கள் விரோத மெஷினே!" என்று கத்தியும் பார்த்தார். நாற்பதாண்டு வரலாறு உள்ளே, அவர் வெளியே.

மூன்று மணிக்குத் திலகவதி இறால் பையோடு வந்தாள்.

"என்னங்க, மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"பன்னாட்டு முதலாளிகளோட சதி. கம்ப்யூட்டர் செத்துப்போச்சு."

"தானாவா?"

"தானாத்தான். நான் அங்கிட்டுத் திரும்பக்கூட இல்ல."

பதினான்கு மணி நேர விசாரணையில் ஒரு தோழரின் பெயரைக்கூடக் கக்காத வாய் அது. திலகவதி திரையைப் பார்த்தாள்.

"ஓரத்துல ஐநூறு எம்.பி. துண்டு ஒண்ணு இருக்கும். அது போனாத்தான் இப்படி வரும்."

"ஐநூறா? அபாண்டம்! வெறும் நூறுதான் இருந்துச்சு!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அது சும்மா கெடந்த எடம் திலகா" என்றார், சுருதி இறங்கி.

"அதுதாங்க வாசப்படி. விண்டோஸ் அது வழியாத்தான் எந்திரிச்சு வரணும். வாசலை இடிச்சுட்டு ஆளக் காணோம்னு கத்துறீங்க."

"என் புத்தகம்?"

"உள்ள பத்திரமா இருக்கு. பென் டிரைவை மாட்டி எழுப்பி, அந்தத் துண்டைத் திரும்பப் போட்டா வந்துரும்."

"அப்பப் போடு!"

"மொதல்ல ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்க."

அடைக்கலம் துள்ளி எழுந்தார். ஜெயிலில் நாற்பத்திரண்டு நாள்! ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்று அதிகாரி கெஞ்சினார். எழுதினாரா?

"உசுரே போனாலும் எழுத மாட்டேன்! இந்த நிமிஷத்துலேருந்து உண்ணாவிரதம்!"

"இருங்க. எனக்கு இறால் கூடக் கொஞ்சம் கெடைக்கும்."

ஆதிக்கத்தின் முகத்தில் விழிப்பதில்லை என்று, மனைவிக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நாலரை மணிக்கு இறால் வறுபடும் வாசனை வந்தது. பேச்சுவார்த்தை தொடங்கியது.

"'வருந்துகிறேன்'னு போடலாமா?"

"மன்னிப்பு."

"'தவறு நடந்துவிட்டது'ன்னு?"

"யாரு நடத்துனா?"

ஐந்தரைக்கு, சுவரைப் பார்த்தபடியே எழுதினார்: 'திலகவதியின் அனுமதியின்றிக் கம்ப்யூட்டரில் கைவைத்தவன் நானே. மன்னிக்க வேண்டுகிறேன். இனிமேல் செய்ய மாட்டேன். அடைக்கலம்.'

அவள் வாங்கிப் படித்தாள். செல்போனில் அதை ஒரு படம் எடுத்து, ஏதோ தட்டிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தட்டில் இறாலை வைத்தாள்.

"சீக்கிரம் சரி பண்ணு! மணி ஆறாகப் போகுது!"

"நீங்க சுவரைப் பாத்து உக்காந்த அரை மணியிலயே சரியாயிருச்சுங்க. போட்டோவெல்லாம் சேத்து, புத்தகம் இன்னாசி அண்ணனுக்குப் போயிருச்சு."

அடைக்கலத்துக்கு ரத்தம் கொதித்தது. "பச்சைத் துரோகம்! இந்தக் கடிதத்தை இப்பவே சுக்குநூறாக் கிழிக்கிறேன்!"

"தாராளமாக் கிழிங்க. பின்னட்டைக்கு ஒரு படம் வேணும்னாரு இன்னாசி அண்ணன், இப்பத்தான் அனுப்புனேன்."