வானம்பாத்த சேரின் ஸலாம்

கல்முனையில் அவரைப் போல மரியாதை கெட்ட மனிதர் பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. ஊர் வைத்த பெயர் வானம்பாத்த சேர்; சார் என்பது எங்கள் வாயில் சேர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, மனம் உடைந்தவர்களோடு கதைத்து ஆற்றவென்று திறந்த, கந்தோர் என்று நாங்கள் சொல்கிற சின்ன அலுவலகத்தில் அவர் ஆலோசகர். வருகிறவர்களை வாசலில் வரவேற்று இருத்துகிற ஆள் நான்.

கந்தோருக்கு வருகிறவர்களை வெளியே கண்டால் தெரிந்த மாதிரிக் காட்டக் கூடாது, காட்டினால் ஊர் அவர்களைப் பைத்தியமென்று விசர்ப் பட்டம் கட்டிவிடும். இது சேரின் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த நாளில் பாதி ஊர் எங்களிடம் வந்துபோனது. யார் வந்தவர், யார் வராதவர் என்று நடுத்தெருவில் நின்று யோசிக்க ஏலுமா? சேர் எல்லாருக்கும் பொதுவாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஒருநாள் அப்படியே போய்த் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார். தூக்கிவிட்டவர் எங்களிடம் வருகிற ஆள். சேர் சேறு வடிய வடிய மேகத்தைப் பார்த்தபடி நடையைக் கட்டினார். இன்னொரு நாள் சந்தையில் சொந்த மாமியே கூப்பிட்டும் பழக்கதோஷத்தில் மேலே பார்த்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் சோறு கிடைக்கவில்லையாம். கூடப் போகிற எனக்குத்தான் மானம் போகும். சேர் என்ன, பிறை பார்க்கிறாரா என்று கடைக்காரர்கள் என்னைப் பிடித்துக் கேட்பார்கள்.

எங்களிடம் ஒரு மீனவர் வந்துபோனார். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் சேர் இப்போதும் என்னைச் சும்மா விடமாட்டார். பெண்சாதியையும் மகளையும் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு தோணியில் கால் வைத்தாலே நடுங்குவார். சந்தையில் மீன் வெட்டிக்கொடுத்துப் பிழைத்தார். விசர் என்று கதை பரவினால் எந்தத் தோணிக்காரனும் ஏற்றமாட்டான் என்ற பயத்தில் பின்கதவால் வந்து பின்கதவால் போவார். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டும் வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் படியில், அந்த மீனவரே சேருக்கு ஸலாம் சொல்லி இரண்டு கையையும் நீட்டினார். சேர் வானத்தைப் பார்த்தார். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. நீட்டிய கை கொஞ்சநேரம் அப்படியே இருந்து, பிறகு மெல்ல மடங்கியது. ஒரு முஸ்லிம் ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடுவதா? வெட்கத்தில் எனக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அதோடு மீனவர் வரவை நிறுத்திவிட்டார். எனக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால், ஒருவருக்கும் சந்தேகம் வராமல் அவர் குடிலுக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஸலாத்துக்குப் பதில் தராத மனிசனுக்கிட்ட இனி என்னத்தக் கதைக்க?"

வந்து சேரிடம் சொன்னேன். சட்டம் கதைக்கப்போகிறார் என்று பார்த்தால், மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"கைய நீட்டினதக் கண்டன் தம்பி. கண்டுட்டுத்தான் மேல பாத்தன்."

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் தொடங்கினார். வெற்றிலைக் கடைக்காரர், ஓட்டோக்காரர், கோழிக்கடைக்காரர், கடமைக்கு நின்ற பொலிஸ்காரர், ஒருவரையும் விடவில்லை. ஆளாளுக்கு ஸலாம், ஆளாளுக்குக் கைகொடுப்பு. சேருக்கும் மூளை தட்டிவிட்டது என்று கடைத்தெரு சிரித்தது. நான் தெரியாத ஆள் போலப் பின்னுக்கு நின்றுகொண்டேன்.

மீன் சந்தையில் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டே போய் மீனவரிடம் வந்தார். அதே ஸலாம்தான். கையை மட்டும் கொஞ்சநேரம் விடவில்லை. மீனவர் பதில் சொன்னார். விசர்ச் சேரிடம் கை அகப்பட்ட இன்னொருவர் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் பின்கதவு தட்டப்பட்டது. மாரி மழை முடிய மீனவர் தோணியும் ஏறினார். விசர்ப் பட்டம் சேருக்குத்தான் நிலைத்தது. இடையில் நிறுத்தினால் அந்த ஒரு ஆள் தனித்துத் தெரிந்துவிடுவார் என்று, மாற்றலாகிப் போகும்வரை சேர் கடைத்தெரு முழுக்க ஸலாம் சொல்லித் திரிந்தார். ஊர் சிரிக்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கும், காரணம் சொல்ல ஏலாது. அன்றைக்குப் பின்னுக்கு நிற்காமல் நான் அவருக்குப் பக்கத்தில் நடந்திருக்கலாம்.