பார்வையாளர் கருத்துப் பெட்டி

அந்தப் படத்தை ஒழித்துக்கட்டியே தீருவது என்று ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு முடிவு செய்தேன். ஆறு இருபத்தொன்பதுக்குத்தான் படம் முடிந்தது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஃபிலிம் கிளப்புக்கு நான் செயலாளர். பிழைப்புக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. படத்தைத் தேர்ந்தெடுத்தவர் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. ஒருத்தன் சுவரில் ஓட்டை போட்டுப் பக்கத்து அறைப் பெண்களை ஒளிந்து பார்க்கிறான். அவர்கள் பயந்து நடுங்குவதைக் கேமராவில் பிடித்து, திரும்பத் திரும்பப் போட்டு ரசிக்கிறான். வெளிவந்த காலத்தில் போன இடமெல்லாம் திட்டு வாங்கிய படமாம். இப்போது ‘கிளாசிக்’காம்!

“அசிங்கம்! எட்டிப் பார்க்கிற பயலுக்கு ஒரு படமா?” என்று வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன்.

“ரெண்டு மணி நேரம் கண் கொட்டாம பார்த்தீங்களே,” என்றாள் மனைவி.

“திட்டணும்னா முழுசா பார்க்க வேண்டாமா? சரி, உனக்குப் பிடிச்சுதா?”

“சீட்டுல எழுதிப் பெட்டியில போடுறேன்.”

“கட்டின புருஷன்கிட்ட சொன்னா என்ன?”

“அப்ப பெட்டி எதுக்கு வெச்சீங்க?”

நியாயமான கேள்வி. அதனால் இன்னும் கோபம் வந்தது.

சீட்டில் பேர் வேண்டாம், அடுத்த ஞாயிறு தலைவர் பூட்டைத் திறப்பார், நான் எல்லார் முன்னாலும் படிப்பேன், அதுவரை யார் கண்ணிலும் படாது என்று மைக்கைப் பிடித்து வாக்குக் கொடுத்தவன் நானேதான். சாவி நீதிபதியிடம். பெட்டி என் வீட்டுக் கூடத்தில்.

புதன்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தேன். மனைவி நர்ஸ்; டியூட்டியில் இருந்தாள். தரையில் குப்புறப் படுத்தேன். வாயில் டார்ச். கையில் அவளுடைய கொண்டை ஊசி. இதற்குப் பெயர் ஒளிந்து பார்ப்பது அல்ல. படத்தைத் தடை செய்யச் சொல்லி எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று அறியும் சமூக அக்கறை.

பெட்டியின் துவாரத்தில் ஊசியை விட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தேன். முதல் சீட்டு: ‘தைரியமான படம்.’ பல்லைக் கடித்தேன். இரண்டாவது: ‘நாற்காலி முதுகைக் குத்துகிறது.’ மூன்றாவது அச்சடித்த மாதிரி எழுத்து: ‘ஒளிந்து பார்க்கிறவன் எப்படி மூச்சு விடுவான் என்று அப்படியே காட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறார். நான் ஃபோனில் பேசினால் கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்கும்.’

கருத்தைப் படித்தேன், முகம் கறுத்தது. என்னையா சொல்கிறாள்? ஊர் சிரிக்க, நானே படிக்கப்போகும் சீட்டிலா? அவள் வீடு திரும்பும் வரை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தே கால் தேய்ந்தது.

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என் மானத்தை வாங்கணும்னே எழுதினியா?”

“எதை?”

“கதவுக்குப் பின்னால மூச்சுச் சத்தமாம்! உங்க அக்காகூடப் பேசும்போது நான் ஏதோ ரெண்டு மூணு தடவை...”

“ரெண்டு மூணு தடவையா?”

“பேச்சை மாத்தாதே! எழுதினியா இல்லையா?”

அவள் பெட்டியைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். தரையில் கிடந்த கொண்டை ஊசியைப் பார்த்தாள்.

“அது மாடி வீட்டுத் தையல்காரர் சம்சாரம் எழுதினது. எங்கிட்ட காட்டிட்டுத்தான் போட்டாங்க. உங்களுக்கு ஏன் குத்துது?”

நான் கொண்டை ஊசியைக் காலால் மறைத்தேன்.

“பதினோரு வருஷம்,” என்றாள். அவள் குரல் உயரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. “என் பையைத் துழாவுறீங்க. அக்கா அனுப்புற கடுதாசியைப் பிரிச்சுட்டு ஒட்டி வைக்கிறீங்க. கேட்டா அக்கறைம்பீங்க. அந்தப் படத்துல அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்தப்ப எனக்கு அழுகை வந்துச்சு. பக்கத்துல நீங்க அசிங்கம், அசிங்கம்னு முணுமுணுத்துட்டு இருந்தீங்க.”

“அப்ப உன் சீட்டு...”

கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாள். வெற்றுத்தாள்.

“என்ன எழுதுறதுன்னு மூணு நாளா யோசிச்சேன். இப்ப விஷயம் கிடைச்சிருச்சு.”

என் எதிரிலேயே எழுதினாள். எட்டிப் பார்க்கக் கழுத்து தானாக நீண்டது. அவள் ஒரு முறை முறைத்தாள். கழுத்து தானாகச் சுருங்கியது. சீட்டு பெட்டிக்குள் விழுந்தது. கொண்டை ஊசி அவள் தலைக்குப் போனது.

ஞாயிறன்று நீதிபதி பூட்டைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக நீட்டினார். நான் படித்தேன். ஏழாவது சீட்டைப் பிரித்ததுமே கையெழுத்து தெரிந்தது. தொண்டையைச் செருமினேன்.

“இந்தப் படத்தைத் தடை செய்ய வேண்டாம். பூட்டிய பெட்டிக்குள் ஊசி விட்டு அடுத்தவர் எழுதியதைப் படிக்கிற ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். நம் செயலாளருக்கு மூன்று தடவை.”

“செயலாளரே, கடைசி வரிசைக்குக் கேக்கலை!” என்றது கூட்டத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல்.

மறுபடியும், சத்தமாகப் படித்தேன்.